பணியிடப் பயிற்சியில் மின்வழிக் கற்றல்: பயன்களும் வரம்புகளும்

ஒரு திட்டத்தின் வெற்றி, அதனை வகுப்போரின் திறமையை மட்டும் பொறுத்ததன்று. அதனைக் களத்தில் நிறைவேற்றும் பல லட்சம் பணியாளர்கள் தத்தம் பணியை எவ்வளவு செம்மையாக அறிந்திருக்கிறார்கள் என்பதையும் பொறுத்ததாகும். நிதி ஒதுக்கலாம், கட்டடம் எழுப்பலாம், கருவிகள் வாங்கலாம். ஆனால் அங்கன்வாடியில் குழந்தையை எடைபோடும் பணியாளர் எடைக்கருவியின் முள்ளையோ எண்ணையோ முதலில் சுழியில் நிறுத்தத் தவறினால், அன்று பதிவாகும் எடை பிழையாகிறது. அப்பிழை வட்டாரத்திற்கும் மாவட்டத்திற்கும் தலைநகருக்கும் செல்கிறது. ஊட்டம் தேவைப்பட்ட குழந்தை ஊட்டமின்றி நின்றுவிடுகிறது. எனவே பணியாளர் பயிற்சி என்பது நிருவாகத்தின் துணைப்பணி அன்று. வளர்ச்சிப் பணியின் ஓர் உறுப்பே ஆகும்.

இப்பயிற்சியின் அளவு மலைக்க வைப்பது. நம் நாட்டில் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள் உள்ளன. ஆஷா எனப்படும் சமூக நலவாழ்வுப் பணியாளர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். பள்ளி ஆசிரியர்களின் எண்ணிக்கை 2024-25ஆம் கல்வியாண்டில் ஒரு கோடியைக் கடந்தது. இவர்கள் அனைவரையும் பயிற்சி நிலையங்களுக்கு அழைத்துச் சில நாட்கள் தங்கவைத்துப் பயிற்றுவிப்பதாயின், ஒரு சுற்று முடியவே பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் பாடமே பழையதாகிவிடும். இந்த நெருக்கடிக்கு விடையாகவே கணினியும் கைபேசியும் இணையமும் கொண்டு நடத்தப்படும் மின்வழிக் கற்றல் வளர்ந்துள்ளது. அது எதற்குப் பயன்படும், எந்த இடத்தில் அதன் ஆற்றல் நின்றுவிடும் என்பதைத் தெளிவாக அறிவது, பயிற்சித் திட்டங்களை வகுப்போருக்கும் பயில்வோருக்கும் இன்றியமையாததாகும்.

அரை நூற்றாண்டு அனுபவம்

தொலைவிலிருந்து பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் முயற்சி நம் நாட்டிற்குப் புதியதன்று. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடைபெற்ற செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, இத்துறையில் மேற்கொள்ளப்பட்ட முதல் பெருமுயற்சியாகும். அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 என்னும் செயற்கைக்கோளின் துணையுடன், ஆந்திரப் பிரதேசம், கர்நாடகம், பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், அன்றைய ஒரிசா ஆகிய 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. வேளாண்மை, நலவாழ்வு ஆகியவை பற்றிய நிகழ்ச்சிகளுடன், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் முறை பற்றிய 12 நாள் பணியிடைப் பயிற்சியும் அதன்வழி அளிக்கப்பட்டது.

அப்பயிற்சி அமைக்கப்பட்ட விதம் இன்றும் கருதத்தக்கது. தொலைக்காட்சிப் பாடம் அதன் ஒரு கூறு மட்டுமே. வானொலி நிகழ்ச்சிகளும், அச்சிட்ட குறிப்புகளும், ஆசிரியர்கள் தம் கையால் செய்துபார்க்க வேண்டிய எளிய சோதனைகளும், குழுவாக அமர்ந்து ஐயம் களையும் உரையாடலும் பிற கூறுகளாக அமைந்தன. பாடம் வானத்திலிருந்து வந்தபோதிலும், ஆசிரியர் திரையின்முன் தனித்து விடப்படவில்லை.

1985ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அஞ்சல் வழியே அனுப்பிய பாட நூல்களுடன் கற்போர் நேரில் வந்து ஐயம் தீர்த்துக்கொள்ளும் கல்வி மையங்களையும் அமைத்தது. 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. தொலைவில் உள்ள வகுப்பறையிலிருந்து கற்போர் கேள்வி கேட்கவும், ஆசிரியர் உடனே விடையளிக்கவும் அது வகைசெய்தது. ஆயினும் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் அனைவரும் கூடியாக வேண்டும் என்னும் கட்டு நீடித்தது. இணையமும் கைபேசியும் பரவிய பின்னரே அக்கட்டு அவிழ்ந்தது.

இன்றைய ஏற்பாடுகள்

2017 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர்களுக்கென ‘தீக்ஷா’ என்னும் மின்வழித் தளம் தொடங்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய ‘நிஷ்டா’ திட்டம், தொடக்கக் கல்வி நிலையில் பணிபுரியும் ஏறத்தாழ 42 லட்சம் ஆசிரியர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் நேரடிப் பயிற்சி அளிப்பதை நோக்கமாகக் கொண்டிருந்தது. கொரோனா பெருந்தொற்றினால் அது பாதியில் தடைப்பட்டது. எஞ்சியிருந்த ஏறத்தாழ 24 லட்சம் பேருக்கும் 2020 அக்டோபர் முதல் 18 பாடத்தொகுதிகள் மின்வழியில் வழங்கப்பட்டன.

பெருந்தொற்றின் தொடக்கத்திலேயே, 2020 ஏப்ரலில், மருத்துவர், செவிலியர், துணைமருத்துவப் பணியாளர், தன்னார்வலர் முதலியோருக்காக ஒருங்கிணைந்த அரசு மின்வழிப் பயிற்சித் தளம் திறக்கப்பட்டது. நோயின் அடிப்படைச் செய்திகள், தற்காப்பு உடை அணிதல், தீவிர சிகிச்சை, செயற்கைச் சுவாசக் கருவியைக் கையாளுதல் ஆகியவை பற்றிய பாடங்கள் சில நாட்களில் நாடு முழுவதற்கும் கிடைத்தன. ஊரடங்கு நிலவிய அந்நாட்களில் வேறு எம்முறையாலும் இதனைச் செய்திருக்க இயலாது.

அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று மத்திய அமைச்சரவை ‘கர்மயோகி’ இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. விதிகளை மட்டும் அடிப்படையாகக் கொண்ட நிருவாகத்திலிருந்து, ஒவ்வொருவரும் ஆற்ற வேண்டிய பங்கை அடிப்படையாகக் கொண்ட நிருவாகத்திற்கு மாறுவது அதன் நோக்கமாகும். ஏறத்தாழ 46 லட்சம் மத்திய அரசு ஊழியர்களைக் கருதி, 2020-21 முதல் 2024-25 வரையிலான 5 ஆண்டுகளுக்கு 510.86 கோடி ரூபாய் செலவு மதிப்பிடப்பட்டது. வகுத்துப் பார்த்தால், ஊழியர் ஒருவருக்கு 5 ஆண்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1,110 ரூபாய். ஒருவரை வெளியூர்ப் பயிற்சி நிலையத்திற்கு ஒருமுறை அனுப்பும் பயணப்படியே இதனை விஞ்சக்கூடும். மின்வழிக் கற்றல் நிருவாகத்தினரை ஈர்ப்பதன் காரணத்தை இக்கணக்கு விளக்கும்.

பயன்கள்

மின்வழிக் கற்றலின் முதற்பயன், பாடம் சிதையாமல் சென்றடைவதாகும். பெருந்தொகையினரைப் பயிற்றுவிக்க இதுகாறும் கையாளப்பட்ட முறை, பயிற்றுநரைப் பயிற்றுவித்தலாகும். தேசிய நிலையில் சிலர் பயிற்சி பெறுவர். அவர்கள் மாநில நிலையினருக்கும், இவர்கள் மாவட்ட நிலையினருக்கும், பின்னர் வட்டார நிலையினருக்கும் சொல்லித் தருவர். மேல்நிலையில் 5 நாட்கள் நடந்த பயிற்சி கீழ்நிலையில் ஒரு பிற்பகலாகச் சுருங்குவதும், செயல்முறைகள் விடுபட்டு அறிவுரைகள் மட்டும் எஞ்சுவதும் இம்முறையின் இயல்பான குறைகள். மின்வழிப் பாடத்தில் இந்தத் தேய்மானம் இல்லை. துறையின் தலைசிறந்த வல்லுநர் விளக்கியதையே மலைக்கிராமத்துப் பணியாளரும் கேட்கிறார்.

இரண்டாவது பயன், அவரவர் வேகத்தில் கற்கும் வாய்ப்பாகும். வகுப்பறையில் ஒருமுறை கேட்டது புரியாவிடில், பலர் முன்னிலையில் எழுந்து கேட்கப் பலரும் தயங்குவர். திரையிலோ அதே பகுதியைப் பத்து முறையும் பார்க்கலாம். மூத்த பணியாளர் தாம் நன்கறிந்ததை விரைந்து கடந்து, அறியாத இடத்தில் நின்று கற்கலாம். பார்வைக் குறையுடையோர் ஒலிவடிவிலும், செவிக் குறையுடையோர் எழுத்துவடிவிலும் பாடத்தைப் பெறுமாறு அமைக்கலாம்.

மூன்றாவதாக, கற்றலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து இடைவெளி விட்டு வழங்க இது துணைசெய்கிறது. மனிதர் கற்றதை எத்துணை விரைவில் மறக்கின்றனர் என்பதை ஜெர்மானிய உளவியலறிஞர் ஹெர்மன் எபிங்காஸ் 1885ஆம் ஆண்டிலேயே தம்மையே சோதித்து ஆராய்ந்து காட்டினார். ஒரே மூச்சில் பயின்றதைவிட, இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் பயின்றது நினைவில் நிலைக்கிறது. ஆண்டிற்கொருமுறை நடக்கும் ஒரு வாரப் பயிற்சியில் இதற்கு இடமில்லை. வாரம் ஒரு சிறு பாடமும் அதன்பின் சில கேள்விகளும் என்னும் ஏற்பாடு மின்வழியில் எளிதாகிறது.

நான்காவது பயன் செலவுச் சிக்கனம். எனினும் இதனைக் கவனத்துடன் நோக்க வேண்டும். மின்வழிப் பாடத்தில் செலவின் பெரும்பகுதி அதனை உருவாக்கும்போதே ஏற்பட்டுவிடுகிறது. கற்போர் கூடுவதால் செலவு மிகுதியாகக் கூடுவதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு பாடத்தை உருவாக்க 10 லட்சம் ரூபாய் ஆகிறதெனக் கொள்வோம். அதனை 2 லட்சம் பேர் கற்றால் ஒருவருக்கு 5 ரூபாய். 200 பேர் மட்டும் கற்றால் ஒருவருக்கு 5,000 ரூபாய். ஆகவே பலரும் ஒரே செய்தியைக் கற்க வேண்டிய இடத்தில் மின்வழி சிக்கனமானது. ஒரு சிறு அலுவலகத்தின் தனித்தேவைக்கும், அடிக்கடி மாறும் நடைமுறைகளுக்கும் அது சிக்கனமாகும் என்று கூற இயலாது. பாடத்தைக் காலந்தோறும் திருத்தும் செலவைத் திட்டத்தில் சேர்க்காவிடில், மாற்றப்பட்ட விதியையே தொடர்ந்து கற்பிக்கும் நிலை ஏற்படும்.

அறிதலும் செய்தலும்

மின்வழிக் கற்றலின் முதல் வரம்பு, அறிதலுக்கும் செய்தலுக்கும் இடையில் உள்ள தொலைவில் இருக்கிறது. இதனை அங்கன்வாடிப் பணியிலிருந்தே விளக்கலாம்.

ஒரு குழந்தை நலிந்திருக்கிறதா என்பதை அறிய, அதன் எடையை உயரத்துடன் ஒப்பிட வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் வளர்ச்சி அளவுகோல்களின்படி, 2 வயது நிரம்பாத குழந்தையைப் படுக்கவைத்து நீளமும், அதற்கு மேற்பட்ட குழந்தையை நிற்கவைத்து உயரமும் அளக்க வேண்டும். படுத்த நிலையின் அளவைவிட நின்ற நிலையின் அளவு சுமார் 0.7 சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும். சிறு குழந்தையை நிற்கவைத்து அளந்து அப்படியே பதிவு செய்தால் இரு பிழைகள் நேர்கின்றன: குழந்தை உண்மையில் இருப்பதைவிடக் குட்டையாகக் கணக்கிடப்படுகிறது, அந்தக் குறைந்த நீளத்திற்கு அதன் எடை போதுமானதாகவும் தோற்றமளிக்கிறது. மெலிந்து நலிந்த குழந்தை நலமுடையதாகப் பதிவேட்டில் இடம்பெறக்கூடும்.

இவ்விதியை ஐந்து நிமிடக் காட்சிப் பாடம் தெளிவாகக் கற்பித்துவிடும். அதன் முடிவில் கேட்கப்படும் வினாவிற்குப் பணியாளர் சரியாக விடையளித்துவிடுவார். ஆனால் மையத்தில் நிகழ்வது வேறு. அழுது திமிறும் குழந்தையின் தலையை ஒருவர் பலகையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். மற்றவர் முழங்கால்களை மெல்ல அழுத்திப் பாதப்பலகையை நகர்த்திக் கணப்பொழுதில் அளவைப் படிக்க வேண்டும். எவ்வளவு அழுத்தலாம், எப்போது படிக்கலாம் என்பதைக் கையே அறிய வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் அருகில் நின்று, “தலை விலகிவிட்டது, மீண்டும் அளவுங்கள்” என்று திருத்தும்போதுதான் கை அதனை அறிகிறது. 2021 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘போஷண் டிராக்கர்’ செயலி, உள்ளிடப்பட்ட எடையையும் உயரத்தையும் கொண்டு குழந்தையின் நிலையைத் தானே கணக்கிடுகிறது. கணக்கு பிழையற்றதாக இருக்கலாம். அளவு பிழையாயின் அக்கணக்கினால் பயனில்லை.

தற்காப்பு உடை பற்றிய பாடமும் இத்தகையதே. உடையை அணிவதைவிடக் கழற்றுவதில்தான் தொற்றின் இடர் மிகுதி. எதனை முதலில் கழற்றுவது என்னும் வரிசையைத் திரை காட்டும். களைத்துப்போன செவிலியரின் கை தம்மையறியாமல் முகத்தருகே செல்வதைத் திரை காணாது. உடனிருந்து கவனிப்பவர் ஒருவர் வேண்டும் என்பது தொற்றுத் தடுப்பில் வற்புறுத்தப்படும் நெறியாகும்.

தொழிற்பயிற்சி நிலையங்களின் அனுபவமும் இதனை உறுதிசெய்கிறது. 1986இல் நிறுவப்பட்டுச் சென்னையிலிருந்து இயங்கும் ‘நிமி’ நிறுவனம், தொழிற்பயிற்சிக்கான பாடநூல்களுடன் மின்வழிப் பாடங்களையும் தயாரித்து வழங்கி வருகிறது. 2020இல் பயிற்சி நிலையங்கள் மூடப்பட்டபோது, தொழிற்கோட்பாடு, கணக்கு, வரைபடம் ஆகியவற்றை வீட்டிலிருந்தே தொடர மின்வழிப் பாடங்கள் உதவின. பற்றவைப்போர் பிரிவிலும் பொருத்துநர் பிரிவிலும் பயிற்சியின் உயிர்நாடியான செய்முறையோ பணிமனையின் கதவு திறக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது. பற்றவைப்பில் மின்வாயின் சாய்வும் நகரும் வேகமும் சீராக அமைவது கைப்பழக்கத்தால் வருவது. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்னும் பழமொழி திரைக்கும் பொருந்தும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. விமானிகளும் ரயில் எஞ்சின் ஓட்டுநர்களும் பயிலும் போலியியக்கக் கருவிகள், உண்மைப் பணியின் சூழலையே உருவாக்கிக் கைப்பழக்கத்தையும் அளிக்கின்றன. நேரில் பயிற்றுவிக்க முடியாத விபத்து நிலைகளைக்கூட அவற்றில் இடரின்றிப் பழகலாம். ஆனால் அவை பெருஞ்செலவு பிடிப்பவை. அவற்றிலும் பயிற்றுநர் ஒருவர் உடனிருந்தே பயிற்சி நடத்துகிறார்.

ஆய்வுகள் உணர்த்துவது

மின்வழிக் கற்றல் நேரடி வகுப்பைவிட மேலானதா, தாழ்ந்ததா என்னும் கேள்வி பல நாடுகளில் ஆராயப்பட்டுள்ளது. மருத்துவத் துறையினரின் இணையவழிக் கற்றல் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, பயிற்சியே பெறாதோருடன் ஒப்பிடும்போது இணையவழியில் கற்றோர் பெரிதும் முன்னேறியிருப்பதையும், பிற முறைகளில் கற்றோருடன் ஒப்பிடும்போது வேறுபாடு மிகச் சிறிதாக இருப்பதையும் கண்டது. அமெரிக்கக் கல்வித்துறை 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, நேரடி வகுப்பும் மின்வழியும் கலந்த முறையே கூடுதல் பயனளிப்பதாகக் கூறியது. எனினும் கலப்பு முறையில் கற்றோருக்குப் பெரும்பாலும் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன என்பதையும், பயனுக்கு ஊடகம் மட்டுமே காரணமென்று கொள்ளலாகாது என்பதையும் அவ்வாய்வே எச்சரித்தது.

கல்வியியலறிஞர் ரிச்சர்டு கிளார்க் 1983ஆம் ஆண்டிலேயே இதனை ஓர் உவமையால் விளக்கினார். காய்கறி ஏற்றிவரும் வண்டி ஊராரின் ஊட்டத்தை மாற்றுவதில்லை. வண்டியில் வந்த பொருளே மாற்றுகிறது. அதுபோல் ஊடகம் வண்டி மட்டுமே. கற்பிக்கும் முறையே பயன் தருவது என்பது அவர் கருத்து. இதனை முழுவதும் ஏற்காதோரும் உளர். ஆயினும் மோசமான சொற்பொழிவைப் படம்பிடித்துத் தளத்தில் ஏற்றுவதால் அது நல்ல பாடமாகிவிடாது என்பதை மறுப்போர் இலர்.

சான்றிதழ்களின் கணக்கு

மின்வழிப் பயிற்சியின் மற்றொரு வரம்பு அதன் வலிமையிலிருந்தே பிறக்கிறது. எத்தனை பேர் பதிவு செய்தனர், எத்தனை பேர் முடித்தனர் என்பதைத் தளம் நொடியில் எண்ணித் தருகிறது. எளிதில் எண்ணத்தக்கது எதுவோ அதுவே இலக்காகிவிடும் இயல்பு நிருவாகத்திற்கு உண்டு. மாவட்டங்கள் சான்றிதழ்களின் எண்ணிக்கையில் போட்டியிடத் தொடங்கினால், காட்சியை ஓடவிட்டுவிட்டு வேறு பணி பார்ப்பதும், விடைகளைப் பிறரிடம் கேட்டுக் குறிப்பதும் பெருகும். பயிற்சி நடந்ததாகப் பதிவாகும், கற்றல் நடந்திராது.

பயிற்சியை நான்கு நிலைகளில் மதிப்பிட வேண்டும் என்று அமெரிக்க அறிஞர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதினார். பயின்றோர் பயிற்சியை விரும்பினரா, அவர்கள் கற்றனரா, பணியில் அவர்கள் செயல் மாறியதா, அம்மாற்றத்தால் நிறுவனத்தின் நோக்கம் நிறைவேறியதா என்பவை அந்நான்கு நிலைகள். தளத்தின் புள்ளிவிவரம் பெரும்பாலும் முதலிரு நிலைகளுடன் நின்றுவிடுகிறது. மூன்றாவது நிலையை அறிய ஒருவர் பணியிடத்திற்குச் சென்று பார்க்க வேண்டும். நான்காவதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும்.

கட்டாயம் இல்லாத இடத்தில் இதற்கு நேர்மாறான குறை தோன்றுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகிய இரு புகழ்பெற்ற கல்வி நிறுவனங்கள் இணையத்தில் அனைவருக்கும் திறந்துவைத்த பாடங்களை 2019இல் ஆராய்ந்தபோது, 2017-18இல் சேர்ந்தோருள் முடித்தவர்கள் நூற்றுக்கு மூவரே எனத் தெரியவந்தது. சிறந்த பாடம் எளிதில் கிடைப்பது மட்டும் கற்றலுக்குப் போதாது. விருப்பத்திற்கு விட்டால் பெரும்பாலோர் விலகுவதும், கட்டாயப்படுத்தினால் பலர் பாவனை செய்வதும் ஆகிய இரு கரைகளுக்கிடையில்தான் பயிற்சி நிருவாகம் செல்ல வேண்டியுள்ளது.

யாருடைய நேரம், யாருடைய கைபேசி?

எங்கும் எப்போதும் கற்கலாம் என்பது மின்வழிக் கற்றலின் சிறப்பாகக் கூறப்படுகிறது. ஆனால் ‘எப்போதும்’ என்பது நடைமுறையில் பணி முடிந்து வீடு திரும்பிய பின்னர் என்றே பொருள்படுமாயின், பயிற்சியின் சுமை நிறுவனத்திடமிருந்து பணியாளரின் தோளுக்கு மாறிவிட்டது என்பதே உண்மை. பயிற்சி நிலையத்திற்குச் சென்ற நாட்கள் பணிநாட்களாகக் கணக்கிடப்பட்டன. கைபேசியில் இரவு 10 மணிக்குக் கற்கும் நேரம் எக்கணக்கிலும் சேர்வதில்லை. அங்கன்வாடிப் பணியாளரும் ஆஷா பணியாளரும் பெண்கள். வீட்டுப்பணியும் அவர்களுக்காகக் காத்திருக்கிறது.

கருவியும் இணைப்பும் அனைவருக்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காடு, ஆண்கள் 57.1 விழுக்காடு. நகர்ப்புறப் பெண்களுள் இது 51.8 விழுக்காடாகவும், ஊரகப் பெண்களுள் 24.6 விழுக்காடாகவும் இருந்தது. தம் சொந்தப் பயன்பாட்டிற்கெனக் கைபேசி வைத்திருந்த பெண்கள் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர். அதன்பின் இணைய வசதி பெருகியுள்ளது. களப்பணியாளர் பலருக்கு அரசே கைபேசி வழங்கியும் உள்ளது. எனினும் கருவி கையில் இருப்பது வேறு. அதனை அச்சமின்றிக் கையாளுவது வேறு. இதனைக் கருதாது வகுக்கப்படும் பயிற்சி, ஏற்கெனவே வாய்ப்புப் பெற்றோரை மேலும் முன்னேற்றிவிட்டு, பயிற்சி மிகவும் தேவைப்படுவோரைப் பின்னே விட்டுவிடும்.

மொழியும் கருதத்தக்கது. பாடங்கள் பல இந்திய மொழிகளில் கிடைக்கின்றன. ஆயினும் ஒரு மொழியில் எழுதிய பாடத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் அது பணியாளரின் மொழியாகிவிடாது. களத்தில் வழங்கும் சொற்களையும், அவ்வட்டாரத்தின் உணவையும் பயிரையும் வழக்கத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்ட பாடமே மனத்தில் பதியும்.

இணைத்துச் செய்யும் வழி

மேற்கூறிய வரம்புகள் மின்வழிக் கற்றலை ஒதுக்குவதற்குரிய காரணங்கள் ஆகமாட்டா. அதற்குரிய இடத்தை வரையறுக்க அவை உதவுகின்றன. செய்தி, விதி, கோட்பாடு, செயல்வரிசை ஆகியவற்றை மின்வழியில் கற்பித்துவிட்டு, நேரடிப் பயிற்சியின் குறைந்த நாட்களைச் செய்முறைக்கும் திருத்தத்திற்கும் கலந்துரையாடலுக்கும் ஒதுக்குவதே பொருத்தமான பங்கீடாகும்.

இதற்கு முன்மாதிரி நம் நாட்டிலேயே உள்ளது. 2018 மார்ச் 8 அன்று தொடங்கப்பட்ட போஷண் அபியானில், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கான பயிற்சி 21 சிறு பாடத்தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. வழக்கமான மாதாந்தரக் கூட்டத்திலேயே ஒவ்வொரு தொகுதியாகக் கற்று, அதனைப் பணியில் கையாண்டு பார்த்து, அனுபவத்துடன் அடுத்த கூட்டத்திற்கு வருமாறு அது அமைக்கப்பட்டது. அதனுடன் மின்வழி வடிவமும் தரப்பட்டது. மேற்பார்வையாளரின் மையப் பார்வை, பதிவேட்டுச் சோதனையாக மட்டும் முடியாமல், கற்றதைச் செய்துகாட்டும் வாய்ப்பாகவும் அமையக்கூடும் என்பதே இம்முறையின் சிறப்பு.

இத்தகைய பயிற்சி வேரூன்றச் சில ஏற்பாடுகள் தேவை. முதலாவதாக, கற்கும் நேரம் பணிநேரத்திற்குள் ஒதுக்கப்பட வேண்டும். 2024 அக்டோபரில் நடைபெற்ற தேசியக் கற்றல் வாரத்தில் ஒவ்வொரு ஊழியரும் குறைந்தது 4 மணி நேரம் கற்க வேண்டும் என இலக்கு வகுக்கப்பட்டது. இவ்வாறு நேரத்தை வரையறுப்பது நல்ல தொடக்கம். அந்த நேரத்திற்குரிய பிற பணிகளைக் குறைப்பது அதன் மறுபாதி. இரண்டாவதாக, ஒவ்வொரு வட்டாரத்திலும் கேள்விக்கு விடையளிக்கவும் செயலைத் திருத்தவும் ஒருவர் இருக்க வேண்டும். அவருடைய பயணத்திற்கும் நேரத்திற்கும் நிதி ஒதுக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, சான்றிதழ்களின் எண்ணிக்கையோடு, பணியிடத்தில் சிலரையேனும் நேரில் கண்டு மதிப்பிட்ட முடிவும் அறிக்கைகளில் இடம்பெற வேண்டும். ஒரு மாவட்டத்தில் 30 குழந்தைகளை மேற்பார்வையாளர் மீண்டும் அளந்து, முதல் அளவுடன் ஒப்பிடுவது, 3,000 சான்றிதழ்கள் உணர்த்தாத உண்மையை உணர்த்தும். நான்காவதாக, எந்த வினாவில் பலர் தவறினர், எந்தக் காட்சியைப் பலர் பாதியில் விட்டனர் என்னும் விவரம் பாடத்தைத் திருத்தப் பயன்பட வேண்டும்; பணியாளரைக் குற்றங்காணப் பயன்படலாகாது. அச்சம் தோன்றினால் பாவனையும் உடன் தோன்றும்.

முடிவுரை

1975இல் வானத்திலிருந்து வந்த பாடத்தையும் இன்று கைபேசியில் வரும் பாடத்தையும் ஒப்பிட்டால், தொழில்நுட்பம் அடையாளம் காண முடியாத அளவிற்கு மாறியுள்ளது. கற்போரின் தேவை மாறவில்லை. அவருக்குத் தெளிவான பாடம் வேண்டும். செய்துபார்க்க வாய்ப்பும், தவறும்போது திருத்துவோரும், கற்பதற்கு நேரமும் வேண்டும். இவற்றுள் முதலாவதை மின்வழிக் கற்றல் முன்னெப்போதும் இல்லாத அளவிற்கு மலிவாகவும் விரைவாகவும் தருகிறது. எஞ்சிய மூன்றையும் நிருவாகமே தர வேண்டும். முதலாவதில் மிச்சப்படும் பணத்தை ஏனைய மூன்றிற்குச் செலவிட்டால் நாடு பயனடையும். அதனைச் சேமிப்பு என்று எழுதி முடித்துவிட்டால், சான்றிதழ்கள் பெருகும். எடைக்கருவியின் பிழையோ அப்படியே இருக்கும்.